கிடங்குக்குக் கம்பியில்லா இணைப்பு: தனித்தனியே வாங்கி நஷ்டப்பட வேண்டாம்



காதர்பேட்டையில் கடையும் முதலிபாளையத்தில் கிடங்கும் வைத்து நாற்பது ஆண்டுகளாகப் பனியன் மொத்த வியாபாரம் செய்து வருபவன் நான். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. கம்ப்யூட்டர் சமாச்சாரம் எழுத இவர் யார் என்று சிலர் கேட்கலாம். இந்த விஷயத்தில் கைக்காசை இழந்தவன் என்ற தகுதி ஒன்றே எனக்குப் போதும்.

கிடங்கில் எத்தனை டஜன் சரக்கு இருக்கிறது என்று அறிய, ஒரு காலத்தில் துண்டுச்சீட்டுடன் பையனை டிவிஎஸ் 50-இல் அனுப்பினோம். அவன் திரும்பி வருவதற்குள் பார்ட்டி பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். இன்று கடையில் உள்ள கம்ப்யூட்டரில்தான் பில், ஸ்டாக் எல்லாம். 2018 ஜூன் முதல் தமிழகத்துக்குள் சரக்கு அனுப்பவும் இ-வே பில் வந்துவிட்டது. ஆகவே கடையும் கிடங்கும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. ஆனால் நம் ஊரில் சாலை தோண்டாத மாதம் உண்டா? குடிநீருக்கு ஒரு முறை, சாக்கடைக்கு ஒரு முறை. பொக்லைன் ஒரு இழுப்பு இழுத்தால் கேபிள் போச்சு. சென்ற தீபாவளிக்கு முந்தின வாரம் இரண்டு நாள் இணைப்பு இல்லை. லாரி வாசலில் நிற்க, ஸ்டாக் கணக்கைப் போனில் கேட்டுக் கையால் எழுதினோம். பிறகு பார்த்தால் ஒரே சரக்கை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறோம். ஒருவர் இன்று வரை என்னோடு பேசுவதில்லை.

கைபேசியிலேயே எல்லாம் ஆகுமே என்பார்கள். இ-வே பில் போட ஆகும், மறுக்கவில்லை. ஆனால் கிடங்குக் கேமராவும் ஸ்டாக் கணக்கும் நாள் முழுதும் ஓட அது பற்றாது. தவிர, தீபாவளி நெரிசலில் காதர்பேட்டையில் கைபேசி இணையம் எப்படி நகர்கிறது என்பது நீங்கள் அறியாததல்ல.

இதனால்தான் கம்பியில்லா இணைப்பைத் தேடிப் போனேன். ஒரு வியாபாரி இரண்டு பெட்டிகளை விற்றார். நாலாபுறமும் அலை வீசும், ரொம்பப் பவர் என்றார். நேர்கோட்டில் எட்டுக் கிலோமீட்டர் போலத் தூரம். ஒரு நாள்கூட ஒழுங்காக ஓடவில்லை. பிறகு விவரம் தெரிந்த ஒரு தம்பி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்கய்யா, தூரத்து வயலைப் பார்க்கணும்னா டார்ச் அடிப்பீங்களா, ட்யூப் லைட் போடுவீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் விஷயம். தூர இணைப்புக்கு அலையை ஒரே திசையில் குவிக்கும் தட்டு ஆண்டெனா இரு முனையிலும் வேண்டும். ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும்.

இது ஏதோ வெளிநாட்டு வேடிக்கை என்று எண்ண வேண்டாம். நம் தேனியிலேயே நடந்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் எரிக் பிரூவர் குழுவினர், அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையைச் சுற்றுவட்டாரக் கண் மையங்களோடு இப்படித்தான் இணைத்தார்கள். கிராமத்து நோயாளி உள்ளூர் மையத்தில் உட்கார்ந்தபடியே தேனி டாக்டரிடம் திரையில் முகம் பார்த்துப் பேசினார். 2006-இல் ஐந்து மையங்கள் இவ்வாறு ஓடின. பயன்படுத்தியதோ வீட்டிலும் ஓட்டலிலும் உள்ள அதே மலிவான வைஃபை சில்லுகள்தான்.

அவர்கள் கண்டுபிடித்த சூட்சுமம் நமக்கும் புரியக்கூடியதே. சாதாரண வைஃபை ஒவ்வொரு பொட்டலம் அனுப்பிய பின்பும் "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். பல கிலோமீட்டர் தள்ளி இருந்தால் பதில் வரத் தாமதமாகும். அதற்குள் பொறுமையிழந்து, சரக்கு தொலைந்தது என்று மறுபடி அனுப்பும். லாரி ஆபீசில் ரசீது வரும் முன்பே இரண்டாம் தடவை லோடு ஏற்றுவது போல. இதைத் தவிர்க்க, இன்ன நேரம் நீ பேசு, இன்ன நேரம் நான் பேசுகிறேன் என்று இரு முனைக்கும் முறை வகுத்தார்கள். இப்போது விற்கும் தூர இணைப்புப் பெட்டிகள் பலவற்றில் இந்த முறை உள்ளது. வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். வெனிசுவேலாவில் எர்மானோ பியெத்ரோசெமோலி என்பவர் இரண்டு மலைகளுக்கிடையே 382 கிலோமீட்டர் தூரத்தை வைஃபை கொண்டு எட்டியது 2007-இல். நமக்கு வேண்டியது வெறும் எட்டு.

அரசாங்கமும் குறுக்கே நிற்கவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005-இலேயே உரிமம் தேவையில்லை என்றாயிற்று. 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதியை வெளியிடத்திலும் பயன்படுத்த 2018-இல் வழி திறந்தார்கள். குறிப்பிட்ட சக்திக்குள், அங்கீகாரம் பெற்ற பெட்டியாக இருந்தால் போதும். நெரிசல் குறைவு என்பதால் திருப்பூர் போன்ற ஊரில் 5-ஐத்தான் வாங்க வேண்டும்.

என் இரண்டாவது சோடி தட்டுகள், பொருத்துக்கூலி நீங்கலாக, ரூ.15,000-க்குள் முடிந்தது. நன்றாக ஓடியது. அப்புறம் கதை கேளுங்கள். நேர்கோடு என்றால் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாதாம். எட்டுக் கிலோமீட்டருக்கு நடுப்பாதையில், கோட்டைச் சுற்றி ஆறு மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். இடையில் ஒரு கட்டடத்துக்காரர் மேலே தகரக் கொட்டகை போட்டார், வேகம் பாதியாயிற்று. கம்பத்தை உயர்த்தினோம். ஐப்பசி இடியில் கிடங்கு முனைப் பெட்டி கருகியது. எர்த் போடவில்லை. அது என் தவறுதான், கூலியில் மிச்சம் பிடித்தேன். தேனியிலும் பெரிய தொல்லை கொடுத்தது அலை அல்ல, மின்சாரம்தான் என்று அந்தக் குழுவினரே எழுதியிருக்கிறார்கள். வோல்டேஜ் ஏறி இறங்கிப் பெட்டிகள் போயின.

இங்கேதான் சங்கத்திடம் என் கோரிக்கை. முதலிபாளையம் சிட்கோவிலும் அதைச் சுற்றியும் கிடங்கோ தையல் யூனிட்டோ வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் அநேகர். ஒவ்வொருவரும் தனியாக வாங்கினால், நான் ஏமாந்தபடியே ஒவ்வொருவரும் ஏமாற வேண்டும். பெட்டி அவரவர் பணத்தில் இருக்கட்டும். ஆனால் உயரமான ஒரு கட்டடத்தில் எர்த்தும் இடிதாங்கியும் யுபிஎஸ்ஸும் உள்ள பொதுக் கம்பம் ஒன்று, மாற்றிப் போட இரண்டு உபரிப் பெட்டிகள், வேலை தெரிந்த ஒரு பையன், இவை மூன்றும் சங்கத்துடையதாக இருக்கலாம். பையன் முக்கியம். பெட்டி விற்றவர் ஐப்பசி மழையில் மாடி ஏற வருவதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அவரவர் கடைக்கும் கிடங்குக்கும் இடையே பேசிக்கொள்வது வேறு, ஒருவர் வாங்கிய இணையத்தைப் பக்கத்தவருக்கு விலைக்குக் கொடுப்பது வேறு. பின்னதற்கு அரசு அனுமதி வேண்டும். சங்கம் அந்த வம்புக்குப் போகக் கூடாது. கம்பத்தின் உயரத்துக்கும் விதி உண்டு. எழுப்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

சங்கப் பணத்தைத் தகரத் தட்டில் போடுவதா என்று செயற்குழுவில் ஒரு மூத்தவர் கேட்டதாக அறிந்தேன். நியாயமான கேள்வி. ஆகவே முதல் ஆறு மாதத்துக்குச் சங்கம் ஒரு பைசாவும் போட வேண்டாம். என் கிடங்கு மாடியில் கம்பம் நட இடம் தருகிறேன், எர்த் செலவும் என்னுடையது. ஐந்து உறுப்பினர்கள் பெயர் கொடுத்தால் போதும். மாடி ஏறிப் பார்க்க விரும்புபவர்கள் ஞாயிறு காலை வரலாம். தகரக் கொட்டகையையும் காட்டுகிறேன்.