கைமாறிய ரைபிள், கிடைக்காத தோட்டா

லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ புதிதாக ஓர் இரட்டைக்குழல் ரைபிளுக்கு ஆர்டர் கொடுப்பவர் காலண்டரை மறந்துவிட வேண்டும். கை நீளம், கழுத்து, தோள் அகலம், எந்தக் கண்ணால் குறி பார்க்கிறார் என்று தையல்காரரைப் போல முதலில் அளவு எடுப்பார்கள். வால்நட் மரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பெயர்பெற்ற கம்பெனி என்றால் விலை லட்சம் பவுண்டைத் தாண்டும்.

அதே கம்பெனி முதல் உலகப் போருக்கு முன் செய்த ரைபிள், அதே அளவு வேலைப்பாட்டுடன், ஏலத்தில் இதில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. இரும்பு கெட்டுப்போகவில்லை, மரம் இன்னும் பளபளக்கிறது. பிறகு ஏன் சிலர் புதியதற்கே போகிறார்கள்? பணக்காரர்களின் வீம்பு என்று ஒதுக்கிவிட முடியாது. பழையது வேறொருவருடைய உடம்புக்காகவும், அதைவிட முக்கியமாக, வேறொரு காலத்துத் தோட்டாவுக்காகவும் செய்யப்பட்டது.

இரட்டைக்குழல் ரைபிளின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. இரு குழல்களும் பார்வைக்கு இணையாகத் தெரியும். உண்மையில் முனையை நோக்கிச் சற்றே நெருங்கிவரும். வலக் குழல் வெடிக்கும்போது ரைபிள் வலப்பக்கம் உதைக்கிறது, இடக் குழல் வெடிக்கும்போது இடப்பக்கம். குண்டு குழலைவிட்டு வெளியேறுவதற்குள் நேரும் இந்த அசைவையும் கணக்கில் சேர்த்து, முனையில் சின்ன ஆப்பை நகர்த்தி, ஈயப்பற்றை உருக்கி, மறுபடி சுட்டுப் பார்த்து, இரண்டு குண்டுகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும்வரை தொழிலாளி பாடுபடுவார். இத்தனையும் குறிப்பிட்ட ஒரே வகைத் தோட்டாவுக்கு. குண்டின் எடையோ வேகமோ மாறினால் இரண்டு குழல்களும் ஆளுக்கொரு திசையில் சுடும். காகித இலக்கில் அது சில அங்குல வித்தியாசம். இருபது கெஜத்தில் பாய்ந்துவரும் ஆப்பிரிக்க எருமைக்கு முன்னால் அது வேறு விஷயம்.

அதனால்தான் பழைய ஆங்கிலேய ரைபிளை வாங்கப் போகிறவர் வெள்ளி வேலைப்பாட்டைப் பார்த்து மயங்குவதற்கு முன் குழல்களைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனைக்கூடத்தின் முத்திரையோடு, எத்தனை கிரெயின் கார்டைட் மருந்து, எத்தனை கிரெயின் குண்டு என்பதும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். .470 ரைபிள் என்றால் 75 கிரெயின் கார்டைட்டும் 500 கிரெயின் குண்டும். ரைபிளின் ஜாதகம் அதுதான். கரிமருந்துக் காலத்துக் குழலில் இன்றைய புகையில்லா மருந்தைப் போட்டவர்கள் விரல்களை இழந்திருக்கிறார்கள்.

இந்த .470-இன் கதையில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 தோட்டாக்களைத் தடை செய்தது. ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு அவை போய்ச்சேரும் என்ற பயம். வேட்டைக்காரர்களின் பெரிய சந்தையை இழக்க விரும்பாத கம்பெனிகள் .465, .470, .475 என்று சற்றே தள்ளித் தள்ளிப் புதிய அளவுகளைக் கண்டுபிடித்தன. சட்டத்தைச் சுற்றிப்போகப் பிறந்தவை இன்று கம்பீரமான பாரம்பரியமாகப் பேசப்படுகின்றன! நம் வெயிலும் தன் பங்குக்கு ஒன்று செய்தது. சூட்டில் கார்டைட்டின் அழுத்தம் ஏறி, வெறும் தோட்டா குழலில் சிக்கிக்கொண்டது. அதனால் வெப்ப நாடுகளுக்கென மருந்து குறைத்த தோட்டாக்கள் வந்தன.

1960-களில் கைனாக் நிறுவனம் பெரிய தோட்டாக்கள் செய்வதை நிறுத்தியதும் இந்த ரைபிள்களின் மதிப்பு சரிந்தது. சுட முடியாத ரைபிளை யார் வாங்குவார்கள்? சமஸ்தானங்களின் ஆயுத அறைகளிலிருந்து எத்தனையோ அருமையான ரைபிள்கள் வெளிநாட்டு வியாபாரிகளின் கைக்குப் போயின. பிறகு அமெரிக்காவில் பித்தளை உறைகள் செய்யத் தொடங்கினார்கள். 1990-களில் கைனாக் பெயரிலேயே தோட்டாக்கள் திரும்பி வந்தன. விலை மறுபடி ஏறியது. ரைபிளின் விலை ரைபிளில் இல்லை, தோட்டாவில் இருந்தது.

பெயரும் விலை ஏற்றும். ஜிம் கார்பெட்டின் .450/400 ஜெஃப்ரி இரட்டைக்குழல் ரைபிள், அமெரிக்க எழுத்தாளர் எல்மர் கீத்தின் கைக்குப் போய், 2015-இல் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. ஆனால் 'மகாராஜாவின் ரைபிள்' என்று எந்த வியாபாரியும் சொல்லலாம். வரிசை எண்ணைக் கொடுத்தால் பழைய கம்பெனிகள் தங்கள் பேரேட்டைப் பார்த்து முதலில் வாங்கியவர் யார் என்று சொல்லும். அந்தக் கடிதம் இல்லாத மகாராஜாவுக்குத் தனி விலை கொடுக்கத் தேவையில்லை.

ஒற்றைக்குழல் போல்ட் ரைபிளில் ஆபத்து வேறு விதம். பட்டறைகளில் சாதாரண மவுசர் இயந்திரத்தை ராவி, நீளமான பெரிய தோட்டாவுக்கு இடம் செய்வார்கள். அளவுக்கு மீறி ராவினால், அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடத்தில் இரும்பு மெலிந்துவிடும், வெளியிலிருந்து தெரியாது. முதல் சொந்தக்காரர் தன் ஆசைக்கென்று ஒரு தோட்டாவை உருவாக்கியிருந்தால் இன்னும் மோசம். அவரோடு தோட்டாவும் போய்விடுகிறது. இந்த வகையில் புதியதே மேல்.

இரட்டைக்குழலில் அப்படியல்ல. இன்று கிடைக்கும் தோட்டாவால் விற்பவரே சுட்டுக் காட்டிய இலக்குக் காகிதம் இருந்தால், பழையதை வாங்குவதில் தவறில்லை. ஆண்டுக்குப் பத்து நாள் ஆப்பிரிக்கா போகிறவருக்கு அது போதும். இடக்கைக்காரர், அசாதாரண உயரக்காரர் போன்றவர்கள் மட்டும் காத்திருக்கலாம். மரக்கட்டையின் வளைவு ஒத்துவராவிட்டால் ஐந்து கிலோ ரைபிளின் உதை கன்னத்தில் இறங்கும்.

இந்தியாவில் இந்தத் தேர்வே கிடையாது. 1972-இன் வனவிலங்குச் சட்டம் வேட்டையை முடித்துவைத்தது. 1980-களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதிக்குக் கதவு மூடியது. அரசுத் தொழிற்சாலைகள் மக்களுக்குச் செய்துவந்தவை .315, .30-06 போன்றவைதான். பெரிய போர் ரைபிள் வேண்டுமானால் தாத்தா காலத்து ரைபிள் ஒன்று கைமாற வேண்டும். 2019 திருத்தம் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்று குறைத்தபோது, மூன்று வைத்திருந்த குடும்பங்கள் எதை விடுவது என்று யோசிக்க வேண்டியிருந்தது. வாங்கலாம், லைசென்ஸ் உள்ளவருக்கு மட்டும், அதிகாரிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, 45 நாள் பொறுத்து. அதற்குள் விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்று: பெட்டியில் தோட்டா எத்தனை மிச்சம்? அந்த அளவுத் தோட்டா கடையில் கிடைப்பது குதிரைக்கொம்பு. மிச்சமுள்ளதும் பெரும்பாலும் கைனாக்கின் பழைய சரக்கு. வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம்.