வீசிங் வந்தால் ஊசிதானா? மாத்திரைச் சீட்டைக் காட்டாமல் கையை நீட்டாதீங்க!

"டாக்டர், மாத்திரையெல்லாம் வேணாம். ஒரு ஊசி போட்டு விட்டுடுங்க. காலையில 7 மணிக்கு டூட்டி!"

சென்னையில் மழையும் மார்கழிப் பனியும் வந்துவிட்டால் தெருமுனை கிளினிக்குகளில் இந்தப் பேச்சு சகஜம். தீபாவளிக்கும் போகிக்கும் மறுநாள் கேட்கவே வேண்டாம். டாக்டரும் போடுகிறார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இளகுகிறது. ஆசாமி சந்தோஷமாக வீட்டுக்கு நடக்கிறார்.

சரி, அந்த ஊசியில் இருந்தது என்ன? கேட்டவர் எத்தனை பேர்?

தேயிலையில் கிடைத்தது

நம்ம ஊரில் இழைப்புக்குப் பெரும்பாலும் போடுவது 'டெரிபிலின்'. 2 மில்லி ஆம்பூலில் எட்டோபிலின், தியோபிலின் என்று இரண்டு மருந்துகள். சேர்ந்து 220 மில்லிகிராம். 'அமினோபிலின்' என்பதும் இதே குடும்பம்தான். மூத்தவரான தியோபிலினை 1888-ல் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தவர் ஜெர்மன் விஞ்ஞானி ஆல்பிரெக்ட் கோசல். காபியில் இருக்கும் காஃபீனுக்கு இது பங்காளி முறை. (அதற்காக வீசிங் வந்தவர்கள் டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட வேண்டாம்!)

மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும்போது அதைத் தளர்த்துவது இந்த மருந்தின் வேலை. தளர்த்துகிறது, பொய்யில்லை. சங்கடம் அளவில்தான் இருக்கிறது.

ரத்தத்தில் ஒரு மில்லிக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை என்பது பழைய புத்தகக் கணக்கு. 20-ஐத் தாண்டினால் மருந்தே விஷமாகத் திரும்பும். வாந்தி, கை நடுக்கம், படபடப்பு. மேலும் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்பு வரும். சிலருக்கு வாந்தி என்ற எச்சரிக்கை மணி அடிக்காமலேயே நேராக வலிப்பு வந்துவிடும்.

ரெட்டை டோஸ்!

"ஒரே ஒரு ஊசியில அவ்வளவு ஏறிடுமா?" என்பீர்கள். ஊசி மட்டும் என்றால் பொதுவாக ஏறாது. வினை வீட்டு அலமாரியில் இருக்கிறது.

நாள்பட்ட நோயாளி காலையும் இரவும் இதே குடும்பத்து மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பார். மெல்ல மெல்லக் கரையும் ரகம் அது. இரவு 9 மணிக்கு வேறு கிளினிக்கில் ஊசிக்குக் கை நீட்டும்போது அந்த மாத்திரை ரத்தத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். இவர் சொல்லவில்லை. கூட்ட நேரம், டாக்டர் கேட்கவில்லை. டோஸ் ரெட்டையாகிவிட்டது!

காய்ச்சலுக்குச் சாப்பிடும் சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் மாத்திரைகளும் சேர்ந்தால் தியோபிலின் உடம்பை விட்டு லேசில் போகாது, தங்கிவிடும். இதய நோய், ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அப்படியே. ஒரு வேடிக்கை: பீடி, சிகரெட் பிடிப்பவர் உடம்பில் இது சீக்கிரம் கரைந்துவிடும். அவர் புகையை விட்டால் அதே பழைய டோஸ் அதிகமாகிவிடும். புகையை விட்டது நல்ல காரியம்தான். ஆனால் அதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

வேகமும் ஆகாது. நரம்பு ஊசியாக அமினோபிலினின் முதல் டோஸை ஏற்ற 20, 30 நிமிஷம் எடுத்துக்கொள்வார்கள். விறுவிறுவென்று தள்ளினால் இதயம் நின்றுபோகும் ஆபத்து உண்டு. "சீக்கிரம் போடுங்க, பஸ் போயிடும்" என்று அவசரப்படுத்துகிறவர்கள் கவனிக்க.

தோலுக்கு அடியில் போடும் டெர்பூட்டலின் ஊசி வேறு ஜாதி. ஒரு தடவைக்குக் கால் மில்லிகிராம்தான். அதிலும் படபடப்பு உண்டு, சர்க்கரை ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

யாருக்குப் பேர்?

உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் 'கினா' அமைப்பு, மூச்சுத் திணறல் முற்றும்போது அமினோபிலின் நரம்பு ஊசி வேண்டாம் என்றே சொல்கிறது. பலன் குறைவு, ஆபத்து அதிகம். முதலில் இன்ஹேலர் அல்லது நெபுலைசர் வழியாக சால்பூட்டமால். தேவைப்பட்டால் ஆக்சிஜன், ஸ்டீராய்டு. சால்பூட்டமால் மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒரு அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம், அதாவது இருபதில் ஒரு பங்கு, நாற்பதில் ஒரு பங்கு. நேரே நெஞ்சுக்குப் போவதால் அதுவே போதும்.

அப்படியானால் ஊசி போட்டவுடன் சுகமாகிறதே? பல இடங்களில் போடுவது இரண்டு ஊசி. இரண்டாவது 'டெக்ஸா', அதாவது ஸ்டீராய்டு. அது சில மணி நேரம் கழித்துத்தான் வேலை காட்டும். ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தவர் டெரிபிலினுக்குப் பேர் கொடுத்துவிடுகிறார்! அடிக்கடி டெக்ஸா போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். அந்தக் கணக்கு பிறகு வரும்.

"இன்ஹேலர் பழகிட்டா விடாதாமே" என்ற பயம் இன்னும் போகவில்லை. மாதம் இரண்டு தடவை ஊசிக்கு ஓடுவது மட்டும் பழக்கம் இல்லையா? சால்பூட்டமாலை மட்டும் நம்பி ஆஸ்துமாவுடன் காலம் தள்ளுவதும் கூடாது என்று 2019-லேயே கினா சொல்லிவிட்டது. உள்ளே இருக்கும் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் வேண்டும். அதை ஊசி செய்யாது.

கிளினிக்குக்குப் போகும்போது மாத்திரை அட்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு, இதயக் கோளாறு உண்டா, முன்பு வலிப்பு வந்ததா என்று கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஊசிக்குப் பிறகு வாந்தியோ படபடப்போ வந்தால் "பித்தம்" என்று படுத்துவிடாதீர்கள். உடனே திரும்பிப் போங்கள்.

ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, இன்ஹேலர் அடித்தும் அடங்கவில்லை என்றால் தெருமுனை கிளினிக் வேண்டாம். 108-க்குப் போன் போட்டுவிட்டு, வண்டி வரும்வரை நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வையுங்கள்.