பனம்பழம் மணக்கும்தான். அதுக்கு ஏன் வெட்கப்பட வேணும்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன கிழமை எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றியது. கோடைகாலப் பழக் குக்கீஸ். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் ப்ளூபெரியைக் கொட்டி மாவைக் குழைக்கிறா. அதுக்குக் கீழே எங்கட ஆக்கள்: "ரீச்சர், ப்ளூபெரி நெல்லியடியில எங்க வாங்கலாம்?" "எசன்ஸ் விட்டாலும் சரிவருமோ?" நான் அதை வாசித்துக்கொண்டிருக்க, மதிலுக்கு அந்தப் பக்கம் தொம் என்று ஒரு சத்தம். பனம்பழம் விழுந்தது. ஒருவரும் எடுக்கப் போகவில்லை. விடிய அதை ஒரு மாடு சூப்பிக்கொண்டு நின்றது.

வீட்டில் குக்கீஸ் சுடுவதை நான் குறை சொல்லவில்லை. கடைப் பெட்டியை விட அது ஆயிரம் மடங்கு நல்லது. பழம் கோடையில் பழுக்கும், அதைப் போட்டுச் சுட வேணும் என்பதும் சரியான யோசனை. ஆனால் எந்தக் கோடை, எந்தப் பழம்? எங்கள் கோடையில் கறுத்தக்கொழும்பான் பழுக்கும். அது முடிய, ஆடி ஆவணியில் பனம்பழம் விழும். எசன்ஸ் போத்தலில் எந்தப் பழமும் இல்லை.

இதை நான் எழுத உண்மையான காரணம் வேறு. சில வருடங்களுக்கு முன் நடந்தது. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காதேங்கோ. இடைவேளையில் ஒரு பிள்ளை சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைக் கொஞ்சமாகத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். உள்ளே பனங்காய்ப் பணியாரம். பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திச் சிரித்திருக்கிறார்கள். அது சின்னப்பிள்ளைத்தனம், மன்னிக்கலாம். ஆனால் வளர்ந்த ஒருவர் வந்து, "உதுகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வராதையம்மா, மணக்கும்" என்று சொன்னார். அடுத்த நாள் அந்தப் பிள்ளை கிறீம் பிஸ்கட் பக்கற்றோடு வந்தாள். தாய் கூலி வேலைக்குப் போகிறவர். அந்தப் பக்கற்றுக்குக் கொடுத்த காசு அந்த வீட்டில் சின்னக் காசு இல்லை.

மணம் என்பது சாட்டு. பலாப்பழம் மணக்கவில்லையா? கருவாடு மணக்கவில்லையா? பனம்பழம் காசு கொடுத்து வாங்காத பழம், பொறுக்கி எடுக்கிற பழம். அதுதான் எங்களுக்கு மணக்கிறது. பனையோடு வாழ்ந்த மனிசரை இந்த ஊர் எந்தத் திண்ணைக்கு வெளியே நிறுத்தி வைத்தது என்பதும் எல்லாருக்கும் தெரியும். அந்த எண்ணம் போய்விட்டது என்று மேடையில் பேசுகிறோம். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் தெரிகிறது, போகவில்லை.

"குக்கீஸ் நாகரிகம், பணியாரம் பட்டிக்காடு" என்பவர்களுக்கு ஒரு சின்னப் பாடம். ஆசிரியைதானே, விட மாட்டேன். சிங்களப் புத்தாண்டுத் தட்டில் வைக்கிற கொக்கிஸ் இருக்கிறதல்லவா, அந்தப் பெயர் ஒல்லாந்தரின் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் குக்கீயும் அதே சொல்தான். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1658. அதுக்கு முதலே வந்த போர்த்துக்கேயர் பாணையும் விசுக்கோத்தையும் போறணையையும் எங்கள் வாயில் விட்டுவிட்டுப் போனார்கள். எங்கட ஆச்சிமார் அந்தப் பண்டங்களை எல்லாம் எடுத்து, கையில் கிடைத்ததைப் போட்டு எங்கட சாப்பாடாக்கினார்கள். நாங்கள் மட்டும் ஏன் வீடியோவில் காட்டிய பழத்தையே தேடி அலைகிறோம்?

பனை என்றால் வடமராட்சியில் திக்கம் வடிசாலைக் கதைதான். கள்ளைப் பற்றியும் சாராயத்தைப் பற்றியும் கூட்டம் போடுகிறோம். பனை அபிவிருத்திச் சபை வந்து 45 வருடத்துக்கு மேல் ஆகிறது, கைதடியில் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. நெல்லியடியில் ஒரு பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் பனங்களி போட்ட ஒரு விசுக்கோத்து கண்டிருக்கிறீர்களா? நான் காணவில்லை. போரில் பதுங்கு குழிக்கும் காவலரணுக்கும் தறித்தது போக மிஞ்சி நிற்கிற மரங்கள் இவை. அதுகள் தருகிறதை மாட்டுக்கு விட்டுவிட்டு, இந்த நாட்டில் விளையாத கோதுமைக்கு 2022இல் வரிசையில் நின்றோம்.

சரி, வசவு போதும். செய்முறைக்கு வாறன்.

எல்லாப் பழமும் ஒன்றல்ல, மரத்துக்கு மரம் கசப்பு மாறும். கொஞ்சம் நக்கிப் பார்த்து எடுங்கோ. அந்தக் கசப்புக்கு ஃபிளாபெலிஃபெரின் என்ற சபோனின்தான் காரணம். கழுவி, மூளைக் கழற்றி, கறுப்புத் தோலை உரித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் தும்போடு பிசைந்து பிழியுங்கோ. துணியில் வடித்த களி இரண்டு கப் என்றால் முக்கால் கப் சீனி. பச்சை மணம் போய், களி ஒரு கப்பாகச் சுண்டும் வரைக்கும் அடுப்பில் வைத்துக் கிண்ட வேணும். இதில் அவசரப்பட்டால் காறும். குக்கீஸ் மொறுமொறு என்று வராததுக்கும் இதுதான் காரணம்: பழத்தில் தண்ணீர் கூட. மாம்பழம் போட்டாலும் இப்படித்தான், சுண்டாமல் போட்டால் கேக்குமில்லை குக்கீஸுமில்லை.

ஆறின களியோடு 100 கிராம் மாஜரின், ஒரு சிட்டிகை உப்பு, வறுத்த எள்ளு. மா இரண்டரைக் கப், அதில் பாதி வறுத்த அரிசிமா. கை ஒட்டினால் இன்னும் கொஞ்சம் மா. சின்ன உருண்டையாகத் தட்டி, 170 பாகையில் இருபது நிமிடமளவில். அவன் இல்லாத வீட்டில் பெரிய சட்டியில் மணல் பரப்பி, தட்டை அதுக்கு மேலே வைத்து, மூடிக்கு மேல் தணல் போடுங்கோ. நல்ல செம்மஞ்சளாக வரும். நிறம் போத்தலிலிருந்து இல்லை, பழத்திலுள்ள கரோட்டீன்.

எண்ணெயில் பொரித்த பணியாரத்தின் சுவை இதுக்கு வராது. உண்மையைச் சொல்ல வேணுமே. ஆனால் பணியாரம் இரண்டு மூன்று நாளில் பழுதாகிவிடும். இது ரின்னில் ஒரு கிழமை கிடக்கும், கடைக்கும் கொடுக்கலாம்.

"சோனக ரீச்சருக்கு என்ன பனங்காய்க் கதை?" என்று யாராவது கேட்பீர்கள். முன்னமும் கேட்டிருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் எங்கள் குடும்பத்தை யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பியபோது கையில் கொண்டு போக விட்டது மிகக் கொஞ்சம். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில், வழியில் கிடந்த ஒரு பனம்பழத்தைக் கண்டு மூத்தம்மா முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தா. அன்றைக்குப் பணியாரம் சுட்டா. அந்த மணத்துக்கு முகாமில் எத்தனை பேர் வந்து கொட்டில் வாசலில் நின்றார்கள் என்று உம்மா இன்னும் சொல்லுவா. ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை.

ஒக்டோபர் 1 சிறுவர் தினம். என் வகுப்புக்குப் பிஸ்கட் பெட்டி வேண்டாம் என்று பெற்றோருக்குச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை பிள்ளைகளோடு பழம் பொறுக்கப் போகிறோம், சாக்கு இருந்தால் கொண்டு வாங்கோ. ஒரு அம்மா போன் எடுத்துக் கேட்டா: "ரீச்சர், பொரிச்ச பணியாரமும் கொண்டு வரலாமோ, இல்லாட்டி குக்கீஸ் மட்டுமோ?"

பெட்டி நிறையக் கொண்டு வாங்கோ. மூடியைத் திறந்தே வையுங்கோ.