வளைகாப்புக்குப் பின் வரும் வாரங்கள்

அடையாற்றில் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனையை ஸ்தாபித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நாமம் தாங்கிய மகப்பேறு உதவித் திட்டம், ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ரூ.18,000 மதிப்புள்ள சகாயத்தை ரொக்கமாகவும் ஊட்டச்சத்துப் பொருள்களாகவும் வழங்குவது போற்றற்குரியதே. ஆயினும், வளைகாப்புக்கு வளையலும் பட்டும் சித்திரான்னமும் தேடிப் பிரயாசைப்படும் நம் குடும்பங்கள், எந்த மருத்துவமனை, நள்ளிரவில் எந்த வாகனம், பிரசவ அறையில் உடனிருக்கப் போகிறவர் தாயா மாமியாரா என்பவற்றை வலி கண்ட பின்னரே விவாதிக்கத் தொடங்குவது விபரீதமாகவே தோன்றுகிறது. (அவ்விவாதத்தில் கர்ப்பிணியின் அபிப்பிராயத்தைக் கேட்பாரும் அரிது.) 28-ஆவது வாரத்துக்குப் பின் கடுந்தலைவலி, கண் மங்கல், உதிரப்போக்கு, சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதைக் கணவன் உட்பட வீட்டார் அனைவருக்கும் செவிலியர் ஒருவர் எடுத்துரைப்பதை, அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பு விழாக்களிலேனும் கட்டாயமாக்கலாம்.