போலி உறுப்புகள்

மன்னார் வளைகுடாவின் முத்தைக் கொள்வோர் அதனைக் கண்ணாற் கண்டு, சல்லடையில் இட்டுத் தரம் பிரித்து, எடையிட்ட பின்னரே விலை பேசினர். அணிகலனுக்கே அத்துணை ஆராய்ச்சி! உயிரைத் தாங்கும் உந்துவண்டியின் உறுப்பையோ இன்று பலர் இணைய வழியில் படத்தை மட்டும் கண்டு வாங்குகின்றனர். பெட்டி அதுவே, பெட்டியின் மேல் எழுத்தும் அதுவே, உள்ளிருப்பது வேறு.

பிரேக் கட்டையை எடுத்துக்கொள்வோம். உராய்வினால் எழும் வெப்பத்தைத் தாங்குமாறு நாரும் பிசினும் பிற பொருள்களும் அளவறிந்து சேர்த்து அது செய்யப்படுகிறது. போலியில் அவ்வளவு பிழைபடுகிறது. முதற் சில நாள்கள் அது நன்றாகவே பிடிக்கும். வஞ்சகம் அங்கேதான் உள்ளது. நெடுநேரம் அழுத்துங்கால் சூடேறிப் பிடி தளர்ந்துவிடும்.

1988-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பாம்பன் சாலைப் பாலம் நடுவே உயர்ந்து இருபுறமும் சரிவது. கடல் காண விரும்புவோர் அதன்மேல் வண்டியைத் திடீரென நிறுத்துவதுண்டு. பின்வருவோனுக்குப் பிரேக்கே துணை. உப்புக் காற்றோ ஓயாது வீசுகிறது. முலாம் மெலிந்த போலித் திருகாணி அங்கு விரைவில் துருவேறும்.

போலி வணிகச் சின்னமிட்ட பொருளை விற்போர்க்கு 1999-ஆம் ஆண்டுச் சட்டம் 6 திங்கள் முதல் 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. விற்போரின் பெயரும் முகவரியும் வாங்குவோர்க்குத் தெரிதல் வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. அவற்றைப் படிப்போர் எத்துணைப் பேர்? பாதி விலை என்றதும் கண் மறைந்துவிடுகிறது. ஆதலின் பழி முழுவதையும் வணிகன்மேல் ஏற்றுதல் நேரிதன்று.

வாங்கிய உறுப்பை மாட்டுமுன், பழையதை அருகில் வைத்து எடையும் அளவும் ஒத்துப் பார்க்குமாறு பட்டறையாளரிடம் கேட்டல் நன்று. ஐயமுறின், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.