பாலன் குடிலில் ஒரு பனை

மார்கழி பிறந்தால் யாழ்ப்பாணத்துக் குருநகர், பாஷையூர்ப் பக்கம் பாலன் குடில் கட்ட வெறும் சீமெந்துப் பைக்கும் மதிப்பு வந்துவிடும். தாளைக் கசக்கி, பசை தடவி, கரியும் சாயமும் பூசினால் மலை. கண்ணாடித் துண்டு குளம். சிரட்டையில் முளைத்த பயறு வயல். வெளிநாட்டில் வார்ஹாமர் என்ற பொம்மைப்போர் விளையாட்டை ஆடுகிறவர்கள் மேசையில் போர்க்களம் செய்வதும் இதே கைவேலைதான். தூரிகையின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, வெளிர்நிறத்தை மேடுகளில் மட்டும் இழுத்தால் தாள் பாறையாகிவிடும்.

எனக்கு ஒரேயொரு மனக்குறை. மலையே இல்லாத குடாநாட்டில் குடிலுக்குக் குடில் ஏன் மலை? பஞ்சுப் பனி வேறு! 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசியின் பிரான்சிஸ் வைத்தது வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும்தான். நேப்பிள்ஸ்காரர் தங்கள் சந்தையையும் மீன்கடையையுமே குடிலுக்குள் இறக்கிவிட்டார்கள். நாங்கள் ஒரு துலாக்கிணறு வைத்தால் பாலன் கோபிப்பாரா? கிடுகுவேலி, நெடுந்தீவு முருகைக்கல் மதில், கரையேற்றிய கட்டுமரம்... பெத்லகேமும் எங்களைப் போலச் சுண்ணாம்புக்கல் நிலம்தானே. மலையை விட மனமில்லையென்றால் இருக்கட்டும். பெடியள் இந்த முறை அடிவாரத்து ஈச்சையைப் பிடுங்கிவிட்டு ஈர்க்கிலும் ஓலையும் சேர்த்து ஒரு பனை வடலியாவது நடட்டும்.