ஹெலி சத்தம் கேட்டால் ஓடுவதா, கை காட்டுவதா?

பிலிமத்தலாவையில் வீடு இருப்பவர்களுக்கு கொழும்பு–கண்டி வீதி எப்போதும் காதுக்குள்ளேயே இருக்கும். நடுச்சாமத்திலும் லொறி போகும், விடிய நாலு மணிக்கு பஸ் ஹோர்ன் அடிக்கும். அந்தச் சத்தம் இல்லாமல் எங்களுக்கு நித்திரை வராது என்று அம்மா சொல்லிச் சிரிப்பார். கடந்த நவம்பர் கடைசியில் அந்தச் சத்தம் நின்றுபோனது. 22ஆம் திகதி பஹல கடுகண்ணாவையில் மண்ணும் பாறையும் கடையொன்றின் மேல் விழுந்து ஆறு பேர் இறந்திருந்தார்கள். அதை நாங்கள் கதைத்து முடிப்பதற்குள் 28ஆம் திகதி டித்வா வந்தது. ரோட்டும் இல்லை, ரயிலும் இல்லை, கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. மழை கொஞ்சம் விட்ட பிறகு முதலில் கேட்ட பெரிய சத்தம் ஹெலிகொப்டர்.

எங்கள் வீட்டில் அப்போது ஒரு கூட்டாளி தங்கியிருந்தான். பேராதனையில் படிக்கிறவன், ஊர் கிளிநொச்சி. சத்தம் கேட்டதும் எங்க தெருப் பிள்ளைகள் எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். அவன் மட்டும் எழும்பி, சுவரோடு ஒட்டி நின்றான். ஒரு நிமிசம்கூட இருக்காது. பிறகு அவனே சிரித்துவிட்டு, “பழக்கம் மச்சான், எனக்கு அப்ப நாலு வயசு, ஆனா உடம்புக்கு ஞாபகம் இருக்கு” என்றான்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு நிமிசம்தான். டித்வாவுக்குப் பிறகு எங்கள் வயசுப் பிள்ளைகள் ஃபேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் ஹெலிகொப்டர் நிபுணர்களாகிவிட்டார்கள். “இலங்கைக்கு ஷினூக் வேணும்”, “இந்தியாவிட்ட மி-26 கேக்கலாமே” என்று ஒரே கதை. நானும் அந்த வீடியோக்களைப் பார்த்து வாயைப் பிளந்தவன்தான். ஆனால் எங்களுக்குத் தேவை அதுவல்ல என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பாரம் தூக்குகிற கணக்கைப் பார்ப்போம். எங்கள் விமானப்படையிடம் அதிகம் பறக்கிற பெல் 212, நிறை எல்லாம் சேர்த்து ஐந்து தொன்னுக்குக் கொஞ்சம் மேலே உள்ள சின்ன மெசின். இறுக்கிப் பிடித்தால் பதினாலு பேர் வரை ஏறலாம். 1993 முதல் இங்கே இருக்கிற மி-17 அதைவிடப் பெரியது: பதின்மூன்று தொன், உள்ளே நாலு தொன் வரை சாமான், அல்லது இருபத்துநாலு படையினர். ஷினூக் பத்துத் தொன் அளவு தூக்கும். ரஷ்யாவின் மி-26 இருபது தொன், அதாவது ஒரு பெரிய டோசரை அப்படியே தூக்கிக்கொண்டு போகும். உலகத்தில் வழக்கமாகத் தயாரிக்கப்பட்ட ஹெலிகளில் அதைவிடப் பெரியது இல்லை. அதன் மேல் விசிறி மட்டும் முப்பத்திரண்டு மீற்றர் அகலம்.

இந்தக் கடைசி எண்ணில்தான் பிரச்சினை. ஐம்பத்தாறு தொன் வரை எடையை மேலே பிடித்து வைத்திருக்க எவ்வளவு காற்றைக் கீழே தள்ள வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கலஹா, ஹந்தானை பக்கத்து லயங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தகரக் கூரைக்கு மேலே கல்லும் பழைய டயரும் வைத்திருப்பார்கள், சாதாரணக் காற்றுக்கே பறந்துவிடும் என்று. மழையில் ஊறிப்போன சரிவில், அப்படியான லயத்துக்கு மேலே ஒரு மி-26 வந்து நின்றால், காப்பாற்ற வந்தவரே கூரையைக் கழற்றிக்கொண்டு போனதாகிவிடும். இறங்குவதற்கோ சமமான, இறுகிய பெரிய நிலம் வேண்டும். தோட்டத்தில் அப்படி இருப்பது ஒரேயொரு இடம், பாடசாலை மைதானம். அதிலும் பாதி இடத்தில் யாரோ மரக்கறி போட்டிருப்பார்கள்.

இன்னொரு விசயம் உயரம். மேலே போகப் போகக் காற்று மெலியும், ஹெலி தூக்குகிற பாரமும் குறையும். கொழும்பில் தூக்குகிற அளவை நுவரெலியாவின் 1868 மீற்றரில் தூக்க முடியாது. மி-17 பரவாயில்லை, அதன் பலமான எஞ்சின்கள் சூடான, உயரமான இடங்களுக்காகவே பொருத்தப்பட்டவை. டித்வா நேரத்தில் கொத்மலையில் மாட்டிக்கொண்டவர்களை ஏற்றி வந்த இந்திய விமானப்படை ஹெலிகளும் மி-17 தான். கடற்படை விழாவுக்காகக் கொழும்பில் நின்ற விக்ராந்த் கப்பலின் சின்ன சேத்தக்குகளும் பறந்தன. இந்த மலைநாட்டுக்கு ஏற்ற அளவு எது என்று அந்த ஒரு கிழமையே காட்டிவிட்டது.

நெருப்புப் பக்கமும் இதே கதைதான். மாசி, பங்குனி வந்தால் எங்கள் பக்கத்து மலைகளில் மானாப்புல் காயும், யாராவது பீடித் துண்டைப் போடுவார், அல்லது மாட்டுக்குப் புதுப்புல் வரட்டும் என்று வேண்டுமென்றே பற்றவைப்பார். ஹந்தானையில் இரவில் தெரிகிற அந்தச் சிவப்புக் கோட்டை கண்டியில் இருக்கிற எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தீயணைப்பு வண்டி அங்கே ஏறாது. ஹெலிக்குக் கீழே தொங்கவிட்டு, குளத்தில் முக்கி, நெருப்புக்கு மேலே கொண்டுபோய் அடிப்பக்கத்தைத் திறந்துவிடுகிற பாம்பி பக்கெட் என்ற பை, 1980களின் தொடக்கத்தில் கனடாவில் உருவானது. பெல் 212 அதில் ஆயிரம் லீற்றருக்குக் கொஞ்சம் மேலே தூக்கும், மி-17 மூவாயிரத்துக்கு மேலே. அமெரிக்காவின் ஸ்கைகிரேன் ஏறத்தாழ பத்தாயிரம் லீற்றர், ஒரு நிமிசத்துக்குள் குழாயால் உறிஞ்சிக்கொள்ளும்.

அந்த ஸ்கைகிரேனுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. வியட்நாம் போரில் விழுந்த விமானங்களைத் தூக்கிவர அமெரிக்க இராணுவம் வைத்திருந்த அதே யந்திரம்தான், படையில் இருந்து ஓய்வுபெற்ற பிறகு காட்டுத்தீ அணைக்கிறது. ஓய்வுபெற்ற ஷினூக்குகளும் அப்படியே தனியார் கம்பனிகளிடம் போயிருக்கின்றன. கலிஃபோர்னியாவின் தீயணைப்புத் திணைக்களம் பிளாக் ஹோக் வகையில் தனக்கென்றே ஒரு அணி வைத்திருக்கிறது. யுத்தத்துக்குச் செய்த சாமான் வேறு வேலைக்குப் போவது புதிதில்லை.

எங்கட பக்கம் வாருங்கள். 2020 செப்டெம்பரில் அம்பாறை சங்கமன்கண்டிக்கு அப்பால் நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் எரிந்தபோது வானத்தில் இருந்து தண்ணீர் கொட்டியது விமானப்படையின் மி-17. அடுத்த வருசம் எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்தபோது பெல் 212 இல் இருந்து இரசாயனத் தூள் போட்டார்கள். 2024 மார்ச்சில் நீலகிரி குன்னூர்க் காட்டில் நெருப்புப் பிடித்தபோது இந்திய விமானப்படை மி-17 இல் பாம்பி பக்கெட் கட்டித் தண்ணீர் ஊற்றியது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போன எங்க சொந்தக்காரர்கள் அந்த மலைகளிலும் கொழுந்து பறிக்கிறார்கள் என்பதால் அந்தச் செய்தியை நான் கொஞ்சம் கூடுதலாகவே வாசித்தேன்.

சரி, எனது கூட்டாளியிடம் திரும்பி வருகிறேன். அன்று இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாங்கள் இதைத்தான் கதைத்தோம். எண்பதுகளில் இதே பெல் 212 களின் கதவில் துவக்குப் பூட்டித்தான் வடக்குக்கு மேலே பறந்தார்கள். 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்தியப் படையை இறக்கியது மி-8. இன்றைய மி-17 அதன் தம்பி. “உனக்கு அது சாப்பாட்டுப் பொதி, என்ட அம்மாவுக்கு அது பங்கர்” என்றான். நான் என்ன சொல்வது? எங்கள் மலையில் ஹெலி என்றால் தேர்தலுக்கு மந்திரி வருகிறார் என்று அர்த்தம், இப்போது நிவாரணம் என்று அர்த்தம். வேறு அர்த்தம் எங்களுக்குப் பழக்கமில்லை.

அவனுடைய வாதம் இது: அனர்த்த வேலைக்கான ஹெலிகளைப் படையிடம் இருந்து எடுத்து ஒரு சிவில் திணைக்களத்திடம் கொடுக்க வேண்டும். கலிஃபோர்னியாவால் முடியுமென்றால் எங்களால் ஏன் முடியாது? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு விமானி, டெக்னீசியன், உதிரிப்பாகம், ஹேங்கர் எல்லாவற்றையும் இரண்டாவது தடவை உருவாக்க வேண்டும். கடன் மறுசீரமைப்பு நடக்கிற நாட்டில் அது கடதாசியிலேயே நின்றுவிடும். இருக்கிற மி-17 களுக்கே, 2022 இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ரஷ்ய உதிரிப்பாகம் வாங்குவதும் காசு அனுப்புவதும் உலகம் முழுக்கத் தலையிடியாகிவிட்டது. அவற்றில் சில 2014 இல் மத்திய ஆபிரிக்கக் குடியரசுக்கு ஐ.நா. வேலைக்கும் போயின. அமெரிக்கா தருவதாக அறிவித்த பத்து டிஎச்-57 களும் சின்னப் பயிற்சி ஹெலிகள், அவற்றில் லயத்துச் சனத்தை ஏற்ற முடியாது.

பழசாகிப்போன மெசினை ஓட்டுவதன் விலையையும் மறக்கக் கூடாது. 2025 மே 9 அன்று மாதுறுஓயாவில் ஒரு பெல் 212 விழுந்து ஆறு படையினர் இறந்தார்கள். நவம்பர் 30 அன்று லுணுவிலவில், வெள்ள நிவாரணத்துக்குப் போன இன்னொரு பெல் 212 விழுந்தது. அதன் விமானி விங் கமாண்டர் நிர்மால் சியம்பலாப்பிட்டிய இறந்தார். ஒரே வருசத்தில் ஒரே வகையில் இரண்டு. அந்தச் செய்தி வந்தபோது என் கூட்டாளி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அந்தாள் சனத்துக்காகத்தானே போனது” என்றான்.

ஆகவே நான் கேட்பது பெரிய ஹெலி இல்லை. இருக்கிற மி-17 கள் மழைக்காலத்துக்கு முன்னம் பறக்கிற நிலையில் இருக்க வேண்டும். அத்தனையில் எத்தனை பறக்கும் என்பதை ஒக்டோபரிலேயே பாராளுமன்றத்தில் சொல்ல வேண்டும். அனர்த்த வேலைக்குத் தனி வரவுசெலவு ஒதுக்கீடு வேண்டும். அப்போதுதான் அந்தக் காசு மந்திரி பயணத்துக்குப் போகிறதா, லயத்துக்குப் போகிறதா என்று நாங்கள் கேட்கலாம்.

அதைவிட மலிவான வேலைகளும் இருக்கின்றன. ஒவ்வொரு டிவிசனிலும் ஹெலி இறங்கக்கூடிய ஒரு இடத்தை இப்போதே அளந்து, வரைபடத்தில் குறித்து, கம்பியும் மரமும் இல்லாமல் வைத்திருப்பதற்கு டொலர் தேவையில்லை. மேலே இருந்து பார்க்கிறவருக்கு எப்படி சைகை காட்டுவது, தகரத்தை எப்படிக் கட்டி வைப்பது, சாமான் பொதி விழும்போது பிள்ளைகளை எங்கே நிறுத்துவது என்று பாடசாலையில் ஒரு நாள் சொல்லிக்கொடுக்கலாம். டித்வா நேரத்தில் கம்பளைப் பக்கம் ஒரு மேட்டில் சனம் சிவப்புச் சேலையை விரித்துப் பிடித்ததாகக் கேள்விப்பட்டேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களாகவே செய்தது.

அப்புறம் தமிழ். எச்சரிக்கைகள் சிங்களத்திலும் இங்கிலிசிலும் வந்து, தமிழில் பிந்தி வந்தது அல்லது வரவேயில்லை என்ற புகார் அந்த நாட்களில் எல்லாப் பக்கமும் இருந்தது. எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு வந்த குறுஞ்செய்தியை நான்தான் வாசித்து விளங்கப்படுத்தினேன். ஹெலி இறங்கிய இடத்திலும் இதே நிலைதான். ஏற வேண்டியது யார், வயசானவர் முதலா, பிள்ளை முதலா, திரும்பி வருமா வராதா என்று கத்துகிற விசிறிச் சத்தத்துக்குள் தெரியாத பாசையில் சொன்னால் சனம் முண்டியடிக்கத்தான் செய்யும். மலைநாட்டுக்கு அனுப்புகிற ஒவ்வொரு குழுவிலும் தமிழ் கதைக்கிற ஒருவர் இருப்பது இருபது தொன் தூக்குகிற யந்திரத்தைவிட எங்களுக்கு உதவும்.

கூட்டாளி டிசெம்பர் நடுவில் ஊருக்குப் போய் வந்தான். அம்மாவிடம் பிலிமத்தலாவையில் ஹெலி வந்த கதையைச் சொன்னானாம். அவர் கேட்ட முதல் கேள்வி, “சனம் ஓடினவையோ?” இல்லை அம்மா, கை காட்டினவை என்று சொல்ல, அவர் நம்பவில்லையாம். எங்க தெருப் பிள்ளைகள் எடுத்த வீடியோவை அனுப்பச் சொல்லி என்னிடம் கேட்டான். அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது.